மாத்திரை சரி, அறை?

பெர்க்லி நகரில் பகலில் வெளிநோயாளி சிகிச்சை, இரவில் குடிக்காதவர்கள் மட்டும் தங்கும் வீடு. இப்படி 55 பேரை 18 மாதம் பின்தொடர்ந்த டக்ளஸ் போல்சின் குழுவின் ஆய்வு 2010-ல் வந்தது. முன்னேற்றம் தெரிஞ்சது. ஆனா ஒப்பிட, வீடு கிடைக்காத குழுவே இல்லை. பலன் வீட்டாலயா, சிகிச்சையாலயா?

லெனார்ட் ஜேசனின் 2006 ஆய்வு இன்னும் உறுதியானது. சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரண்டு வருஷம் கழிச்சு, ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் வீடுகளுக்குப் போனவர்களில் போதைப் பழக்கம் இருந்தது சுமார் 31 சதவீதம் பேருக்கு. வழக்கமான கவனிப்பில் 65. அப்போ வீடு வெறும் துணை இல்லை.

இப்போ படப்பைக்கு வாங்க. ஒரகடம் ஒப்பந்தத் தொழிலாளி, நாலைந்து பேர் ஷிப்டு மாத்தித் தூங்குற அறையில இருக்கார். டைசல்ஃபிராம் மாத்திரையோட திரும்பறதும் அதே அறைக்குத்தான். அதைப் போட்டுக்கிட்டு குடிச்சா உயிருக்கே ஆபத்து.

ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸில் மருத்துவர் இல்லை. வாடகையைப் பங்கிடணும், குடிச்சவர் வெளியேறணும், அவ்வளவுதான். வாடகைப் பங்கு நம்ம ஆட்களுக்குப் பழக்கம்தான். ஆனா வெளியேத்தப்பட்டவர் அன்னைக்கு ராத்திரி எங்க படுப்பார்? அதுக்கும் ஒரு கட்டிலை ஒதுக்கிட்டுத்தான் இங்கே இதைத் தொடங்கணும்.