சும்மா இராத கைகள்

அலுவலகத்தில் வேலை ஓய்ந்த அரைமணி நேரத்தில் பின்னல் ஊசியை எடுக்கும் பெண்ணைப் பற்றி, 'சம்பளம் வாங்கிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுகிறாள்' என்று யாரும் சொல்லிவிடலாம். அதே அறையில் நாளிதழை வரி விளம்பரம் வரை படித்து முடிக்கும் ஆணுக்கு அப்படியொரு வசை கிடையாது. அவர் செய்வது பொது அறிவு. இவள் செய்வது நேரத் திருட்டு.

நான் வாழும் நெய்வேலி, 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி எழுந்த நகரியம். ஒரு வீட்டுக்காரரின் ஷிப்ட் தெரிந்தால் அந்த வீட்டில் உலை எப்போது கொதிக்கும் என்று சொல்லிவிடலாம். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை இரவுப் பணியிலிருந்து விலக்கி வைத்தது. 2019இல்தான், எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன், திறந்தவெளிச் சுரங்கங்களில் அவர்கள் இரவில் வேலை செய்ய வழி பிறந்தது. பெண்ணின் இரவு வீட்டுக்குரியது என்று சட்டமே நினைத்திருந்த ஊரில், அவளுடைய பகலின் இடைவெளியும் வீட்டுக்கே போவதில் வியப்பில்லை.

இந்த வெயிலுக்குக் கம்பளி எதற்கு? நான் இங்கே கண்ட ஊசிகள், குளிரூரில் பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குக் குல்லாய் பின்னின. அதைவிட அதிகம் கண்டது ஒயர் கூடைகளை: சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட். எதுவும் பின்னியவளுக்காக இல்லை.

ஆகவே இதை 'எதிர்ப்பு' என்று கொண்டாடும் பெண்ணிய வாசிப்போடும் எனக்கு முழு உடன்பாடில்லை. 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அலுவலகத்தில் பின்னும் அரைமணி இந்த 299இன் நீட்சிதான். முதலாளியிடமிருந்து மீட்ட நேரம் குடும்பத்தின் கணக்கில் வரவாகிறது. பூத்தையல் பெண்களை அடக்கத்துக்குப் பழக்கியது, எதிர்ப்புக்கான கருவியாகவும் ஆனது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார் ரோசிகா பார்க்கர், 'தி சப்வெர்சிவ் ஸ்டிச்' (1984) நூலில். நாம் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஊசி எடுக்கவும் ஒரு நாற்காலி வேண்டும். கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு, பின்னல் என்பது மேசை கிடைத்தவளின் சலுகை.

அப்படியானால் பின்னலில் நமக்கு ஒன்றுமில்லையா? இருக்கிறது, அது கூடைக்குள் இல்லை. சங்கப் பாடல்களில் 'பனுவல்' பஞ்சையும் நூலையும் குறித்தது. பிறகு புத்தகத்துக்குப் பெயரானது. நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகிக்கிறது. பெண்ணின் கைத்தொழில் புலவனுக்கு உவமையானது. நூற்றவள் என்ன நினைத்தாள் என்று இலக்கணம் கேட்கவில்லை.

வியன்னாவில் 1895இல் ஹிஸ்டீரியா பற்றி எழுதிய பிராயரும் ஃபிராய்டும் அதைக் கவனித்தார்கள், வேறு விதமாக. தையல் போன்ற வேலைகள் பெண்களைப் பகற்கனவுக்கு இழுத்து நோய்க்கு இடமாக்கும் என்று ஐயப்பட்டார்கள். கை ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலும் இருக்கும் பெண் அவர்களுக்கு நோயாளியாகத் தெரிந்தாள். எனக்கு அவள் சிந்திப்பவளாகத் தெரிகிறாள்.

ஆனாலும், சிந்திப்பதற்கு ஒரு கூடையைச் சாட்சியாக வைக்க வேண்டிய நிலை ஏன்? தாயுமானவருக்குச் சும்மா இருத்தல் ஞானம். பெண்ணுக்கு 'சும்மாதானே இருக்கிறாய்' என்பது குற்றச்சாட்டு. மாணவிகளே, பின்ன விருப்பமிருந்தால் பின்னுங்கள். அடுத்தமுறை வேலை ஓயும்போது கையில் ஒன்றுமில்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தும் பாருங்கள். யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், யோசிக்கிறேன் என்று சொல்லுங்கள்.