வயிற்றின் மேல் போடும் பழி

17 வயதில் என் கன்னங்களில் பரு நிறைந்தபோது வீட்டில் ஒரே தீர்ப்புதான்: "வயிறு சுத்தமில்லை." விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், முட்டையை நிறுத்தினார்கள். என் முகத்தைவிட மோசமாக இருந்தது அண்ணனின் முகம். அவன் தட்டில் முட்டை நிற்கவில்லை. "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்றார்கள்.

30 வயதில் பரு திரும்பியது. இம்முறை தீர்ப்பு டப்பாவில் வந்தது. குடல் நலமானால் முகம் தெளியும் என்று அட்டையில் எழுதியிருந்தது. உள்ளே புரோபயாடிக்கும் ஜிங்க்கும் கலந்த மாத்திரைகள். பாட்டியின் சொல்லைத்தான் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

இந்தக் கருத்துக்கு மருத்துவத்திலும் வயதாகிவிட்டது. மனக்கவலை குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து அதன்வழி தோலில் அழற்சி உண்டாக்கலாம் என்று 1930இல் அமெரிக்க மருத்துவர்கள் ஸ்டோக்ஸும் பில்ஸ்பரியும் எழுதினார்கள். 1961இல் ராபர்ட் சைவர் 300 பேருக்கு லாக்டோபேசில்லஸ் மாத்திரை கொடுத்தார். பரு இருந்தவர்களில் 80 சதவீதத்தினருக்கு ஓரளவு குறைந்தது என்றார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மாத்திரை சாப்பிடாத குழு ஒன்று அதில் இல்லை. பரு தானாகவே ஏறும், இறங்கும். ஒப்பீடு இல்லாதபோது, தானாக இறங்கியதும் மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பிறகு வந்த ஆய்வுகளில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2001இல் வெளியான ஆய்வில் 332 பேரில் ஒரு பகுதியினருக்கு ஜிங்க்கும் மற்றவர்களுக்கு மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். ஜிங்க் சுமார் 31 சதவீதத்தினருக்குப் பலன் தந்தது. மினோசைக்ளின் 63 சதவீதத்தினருக்கு. 2013இல் வெளியான புரோபயாடிக் ஆய்வில் பரு குறைந்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் 45 பெண்கள்தான், அவர்களும் மூன்று குழுக்களாகப் பிரிந்தவர்கள். வெறும் மாத்திரை விழுங்கிய குழு அதிலும் இல்லை.

உணவுக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவைச் சாப்பிட்டவர்களுக்கு 12 வாரங்களில் பரு குறைந்தது. கலந்துகொண்ட 43 பேரும் 15 முதல் 25 வயதுக்குட்பட்ட ஆண்கள். மாதவிடாய்க்கு முன் தாடையோரம் கிளம்பும் பரு அங்கே யாருக்கும் இல்லை. ஆண் உடலில் கண்டது பெண்ணுக்கு உணவுக் கட்டுப்பாடாக வந்து சேர்கிறது. ஆணுக்கோ அது அறிவுரையாகக்கூடப் போவதில்லை.

அட்டை சொல்லாத இன்னொன்றும் உண்டு. பி12 வைட்டமின் அதிகமானால் சிலருக்குப் பரு வரும். முடிக்கும் சருமத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பி12 இருக்கிறது.

எட்டு மாதம் அந்த மாத்திரைகளை விழுங்கினேன். பரு அடங்காத ஒவ்வொரு வாரமும் நான் என்ன தின்றேன் என்று என்னையே விசாரித்தேன். கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். வரவில்லை. பிசிஓஎஸ் என்று தெரிந்தது. ஹார்மோன் சிகிச்சையில் பரு அடங்கியது. அந்த எட்டு மாதத்தில் விழுந்த குழிகள் இன்னும் இருக்கின்றன.

அண்ணன் மகளுக்கு இப்போது 15 வயது. நெற்றியில் பரு. போன வாரம் முட்டையைத் தள்ளி வைத்தாள். தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மாதவிடாய் பற்றிக் கேட்டேன். மருத்துவரிடம் நாளை போகிறோம்.