கோன் நூல், வீட்டு மெஷின், நடுவில் ஒரு கம்பி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ ஆலைகளின் தையல் வரிசையில் சின்ன நூல்கண்டுக்கு வேலையே இல்லை. அங்கே எல்லாம் கோன்தான். மெஷினுக்குப் பின்னால் ஒரு கம்பி, அதன் உச்சியில் வளையம், அடியில் கோன். ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்கள் நூல் மாற்ற அடிக்கடி கையை எடுக்க வேண்டியதில்லை. அதே பெண் வீட்டுக்கு வந்து தன் உஷாவிலோ சிங்கரிலோ பிளவுஸ் தைக்க உட்காரும்போதுதான் தொல்லை. பாதித் தையலில் கண்டு தீர்ந்துபோகும். அதே நிறத்துக்குக் கடை ஏறி இறங்க வேண்டும்.

ஆலையின் கோனை வீட்டு மெஷினில் மாட்டினால் என்ன? கணக்குப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். சாதாரணத் தையலில் ஒரு மீட்டருக்கு மேல்நூலும் அடிநூலும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நூல் போகிறது. 5000 மீட்டர் கோன் ஒன்று, சுமார் இரண்டாயிரம் மீட்டர் தையலுக்குக் காணும். வெள்ளை, கறுப்பு, மெரூன் என்று அடிக்கடி ஓடும் நிறங்களைக் கோனாக வாங்குவது லாபம்தான். என்றைக்கோ ஒருநாள் தேவைப்படும் கிளிப்பச்சைக்குக் கோன் வாங்குவது வீண்.

கோனை மெஷின் தலையில் இருக்கும் குச்சியில் செருகுவதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. அந்தக் குச்சி சின்னக் கண்டுக்கானது. கண்டு சுழலும், நூல் பக்கவாட்டில் அவிழும். கோன் அப்படி இல்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்பட்ட அது அசையாமல் நிற்க வேண்டும். நூல் மட்டும் உச்சி வழியாக மேலே ஏற வேண்டும். குச்சியில் மாட்டிவிட்டால், அந்தக் கனத்தையெல்லாம் சுழற்றும் வேலை மேல்நூலின் தலையில் விழுகிறது. இழுக்கும்போது நூல் விறைக்கும். மிதியை நிறுத்திய பிறகும் கோன் அரைச் சுற்று சுற்றி நூலைத் தளர்த்தும். தளர்ந்த நூல் குச்சியின் அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அடுத்த மிதியில் பட்டென்று அறும்.

துணியில் இது எப்படித் தெரியும்? சிறிது தூரம் தையல் ஒழுங்காகப் போகும். திடீரென்று துணி சுருங்கும், அடிநூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். உடனே பலரும் டென்ஷன் திருகில் கைவைக்கிறார்கள். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. தையல் முழுக்க ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் திருகைச் சந்தேகிக்கலாம். விட்டுவிட்டு இறுகினால் கோன் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

மருந்து எளிது: தனி நூல் ஸ்டாண்ட். கனமான அடித்தட்டு, நிமிர்ந்த கம்பி, மேலே கொக்கி, அவ்வளவுதான். மெஷினுக்குப் பின்னால், வலப்பக்கமாக வைக்க வேண்டும். கொக்கி கோனின் நடுவுக்கு நேர்மேலே, கோன் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஆலைகளில் கடைப்பிடிக்கும் கணக்கு. கொக்கி தாழ்ந்தால் நூல் கோனின் விளிம்பில் உரசும். சாய்ந்தால் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். கொக்கியிலிருந்து இறங்கும் நூலை மெஷினின் முதல் வளையத்தில் கோத்துவிட்டால், பிறகு எல்லாம் பழைய வழிதான்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் கோனை ஓர் எவர்சில்வர் சொம்புக்குள் வைத்து, சுவர் ஆணியில் மாட்டிய சேஃப்டி பின் வழியாக நூலை இழுக்கலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். ஸ்டாண்ட் விற்பவர் சொல்லாத ஒன்றும் உண்டு: மின்விசிறிக் காற்று. கோனிலிருந்து கொக்கிவரை தொங்கும் நூலைக் காற்று அலைக்கழித்து முறுக்கிவிடும். வேலூர் வெயிலில் விசிறியை நிறுத்து என்று யாரும் சொல்ல முடியாது. கோனை விசிறியின் நேர்க்காற்றிலிருந்து தள்ளி வைக்கலாம்.

கால் மெஷின்தான் கோனுக்குப் பொருத்தம். இரும்புத் தலையின் கனத்தில் ஆட்டம் குறைவு, மேஜையில் ஸ்டாண்டுக்கும் இடம் இருக்கும். கால் பழகாதவர் சக்கரத்தைப் பின்பக்கம் சுழற்றிவிட்டால் மட்டும் நூல் சிக்கும். பிளாஸ்டிக் உடல்கொண்ட சிறிய மின் மெஷினிலும் கோன் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வேகம் கூடும்போது மேஜை அதிர்ந்து லேசான ஸ்டாண்ட் நகரும். அடியில் ஒரு ரப்பர் துண்டு போட்டால் போதும். பாபின் சுற்றுவதுதான் இரண்டிலும் கொஞ்சம் எரிச்சல். கைவசம் ஒரே கோன் என்றால் ஊசியிலிருந்து நூலை உருவி, சுற்றி, மறுபடி கோக்க வேண்டும். தைக்க உட்காருமுன் நான்கைந்து பாபின்களைச் சுற்றி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தோல் ஊர்களில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. ஷூவுக்கான பாண்டட் நைலான் கோன் வழவழவென்று மின்னும், கையால் இழுத்தால் அறாது. கிடைத்தால் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். கோனின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள டிக்கெட் எண்ணைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். எண் குறையக் குறைய நூல் தடிக்கும். துணிக்கான பாலியஸ்டர் நூல் டிக்கெட் 120. ஆயிரம் மீட்டர் சுமார் 25 கிராம்தான் இருக்கும். 11 முதல் 14 வரையிலான ஊசிக்குச் சரி. டிக்கெட் 40 நூல் அதைப்போல் மூன்று மடங்கு கனம். 16, 18 ஊசி கேட்கும். மெல்லிய தோலில் பர்ஸ், பை தைக்க இரும்பு மெஷின் அதைத் தாங்கும். டிக்கெட் 20க்கு 22ஆம் எண் ஊசி வேண்டும். அது வீட்டு மெஷினின் வேலை இல்லை. ஆலைகளில் அதற்கென்றே கனரக மெஷின்கள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் வீட்டிலிருந்தே ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்கள் கையூசியால் தைப்பதும் சும்மா இல்லை. தோலில் விழுந்த ஓட்டை துணியில்போல் மூடிக்கொள்ளாது. மெஷின் திணறித் தப்பாகக் குத்தினால் துண்டே போச்சு.

ஆக, டிக்கெட் 120 பாலியஸ்டர் கோனும் கனமான ஸ்டாண்டும் தாராளமாக வாங்கலாம். தடித்த நைலானை ஆலைக்கே விட்டுவிடலாம். சீட்டு கிழிந்த கோன் கையில் கிடைத்தால், ஒரு முழம் நூலை ஊசிக்காதில் கோத்துச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் அந்த நூல் அந்த ஊசிக்கு ஆகும். நடுவில் நின்றுவிட்டால் ஆகாது.