ஒரு சாவுக்கு ஒரு கோடு

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியைக் காலரா சூறையாடியது. அப்போதைய சாவுகளை மருத்துவர் ஜான் ஸ்னோ குறித்துவைத்த தெருப்படம் பார்க்கப் பார்க்க வியப்பூட்டுவது. ஒரு சாவுக்கு ஒரு கறுப்புக் கோடு, அந்தந்த வீட்டு வாசலில். பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றிக் கோடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன.

கோடு குறைந்த இடங்களையும் அவர் விசாரித்ததுதான் பேரழகு. பக்கத்து பீர் ஆலைத் தொழிலாளர்கள் பீரையே குடித்தார்கள்; பம்பை நாடவில்லை. ஏழைகள் விடுதிக்குத் தனிக் கிணறு. அங்கிருந்த 535 பேரில் காலராவுக்குப் பலியானவர்கள் ஐவர்தான். கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. காற்று எல்லோருக்கும் பொது, தண்ணீர்தான் வேறு. செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

நோய் தொட்டவரோடு தொடாதவரையும் விசாரிக்க வேண்டும். கொள்ளைநோயின் காரணம் தேடும் அறிவியல் இன்றும் அப்படித்தான் நடக்கிறது.