ஹப்பிளின் வெள்ளிப் போர்வை

1990-இல் விண்ணேறிய ஹப்பிள் தொலைநோக்கியின் மேற்போர்வையாகிய டெஃப்லான் படலம், 127 மைக்ரோமீட்டர் கனமே உடையதாயினும், உட்புறம் பூசிய அலுமினியத்தால் வெயிலைத் திருப்பியனுப்பி உள்ளிருந்த கருவிகளைக் காத்து வந்த நேர்த்தி ரசிக்கத்தக்கது. வளிமண்டலத்தின் காவலற்ற அவ்விடத்தில், சூரியனின் புற ஊதாக் கிரணங்களும் எக்ஸ் கதிர்களும் மின்துகள்களும் பாலிமரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஆங்காங்கே அறுத்துக்கொண்டிருக்க, சுமார் 95 நிமிஷத்துக்கொருமுறை மாறிமாறி வந்த வெப்பமும் குளிரும் அதனை நீட்டியும் சுருக்கியும் வருத்த, நெகிழ்ச்சியே குணமாயிருந்த அப்படலம் நாளடைவில் நொறுங்குந் தன்மை எய்தியது. 1997-இல் பராமரிப்புக்குச் சென்ற விண்வெளி வீரர்கள், விரிசல் கண்டிருந்த இடங்களுக்கு ஒட்டுப் போட்டதோடு, இறுகச் சுருண்டிருந்த துண்டொன்றைப் பரிசோதனைக்காகப் பூமிக்குக் கொணர்ந்தனர். அத்தனை மெல்லியதொரு வஸ்து ஏழாண்டுக் காலம் அக்கடுந்தவத்தை இயற்றியதன்றோ ஆச்சரியம்!