பலித்ததா, நிறைவேறியதா?

கிறிஸ்துமஸ் வந்தால் மெயின்கார்டுகேட் லூர்து அன்னை கோயிலுக்குக் குடில் பார்க்க வரும் ஸ்ரீரங்கத்து நண்பர்கள் எனக்கு உண்டு. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள், படம் எடுப்பார்கள். மத்தேயு நற்செய்தியைப் படித்துப் பாருங்கள் என்றால் மட்டும், "அது உங்க சமாச்சாரம் சார்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது, ஒருவரும் உள்ளே வரமாட்டேன் என்கிறார்களே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

மத்தேயுவைப் படிப்பதன் அடிப்படை எளிது. இயேசுவின் கதையைச் சொல்லிவரும் மத்தேயு பத்துத் தடவைபோல நிறுத்தி, இன்ன இறைவாக்கு இங்கே நிறைவேறியது என்பார். அங்கெல்லாம் பழைய ஏற்பாட்டைத் திறந்து, அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். ஒற்றை வசனத்தோடு மூடிவிடாதீர்கள். அவ்வளவுதான்.

இனிதான் விஷயம். பலிப்பது வேறு, நிறைவேறுவது வேறு. ஜோசியம் பலிக்கும்; வாக்குதான் நிறைவேறும். தீர்க்கதரிசனம் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பிவிட்டது. தூரத்தில் வருவதை முன்கூட்டிப் பார்ப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்புவதற்கு மத்தேயு ஓசேயாவைத் துணைக்கு அழைக்கிறார். ஓசேயா 11-ஐப் பிரித்தால், மத்தேயு எடுத்த முதல் வசனத்தில் வருங்காலமே இல்லை. இஸ்ரயேல் என்ற மகனை எகிப்திலிருந்து அழைத்து வந்த பழைய கதையைக் கடவுள் நினைத்து வருந்துகிறார். யூதர்கள் இன்றும் அப்படித்தான் படிக்கிறார்கள், அது சரியும்கூட.

உடனே, மத்தேயு திரித்துவிட்டார் என்று ஒரு விமர்சகர் கிளம்புவார். எதிர்ப்பக்கத்தில், முந்நூறு முன்னறிவிப்புகள் பலித்தன என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் சுற்றும். இரண்டும் மேம்போக்கு. இருவருமே மத்தேயுவை ஜோசியராக்கிவிட்டுத்தான் சண்டை போடுகிறார்கள்.

மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு நிரப்புதல் என்று பொருள். நம் 'நிறைவேறு'விலும் நிறைவுதானே இருக்கிறது! ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் நின்றிருக்கிறீர்களா? ஆறு பழையதுதான், படியும் பழையதுதான். தண்ணீர் மட்டும் ஏறியிருக்கும். இஸ்ரயேல் நடந்த தடத்தில் இந்தக் குழந்தை நடக்க, பழைய வாக்கு விளிம்புவரை ஏறுகிறது.

கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் பழைய கதை இப்படி நிரம்புவதை ரசித்தவர். 1726-இல் முடித்த தேம்பாவணியில், சூசையும் மரியாளும் குழந்தையோடு எகிப்துக்குப் போகும் வழியில் யோசுவாவின் கதை வரும்படி வைக்கிறார். யோசுவா, இயேசு இரண்டும் எபிரேயத்தில் ஒரே பெயர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதை எல்லோரிடமும் சொல்வதில்லை. ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற இடத்தில், பிள்ளைகளுக்காக அழும் ராகேலை எரேமியாவிலிருந்து கொண்டுவருகிறார் மத்தேயு. மற்ற பெரும்பாலான இடங்களில் வாக்கு 'நிறைவேறும்படி' நடந்தது என்று எழுதியவர், இங்கே வாக்கு 'அப்போது' நிறைவேறியது என்று மாற்றிவிடுகிறார். அந்தக் கொலை கடவுளின் நோக்கம் என்று எழுத அவர் கை வரவில்லை. எத்தனையோ வருடம் படித்த பிறகே இது என் கண்ணில் பட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த முறை குடில் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் மத்தேயு 2-ஐப் படியுங்கள். பிறகு எரேமியா 31-ஐ எடுங்கள். ராகேலின் அழுகையோடு நிறுத்தாமல் அதற்கடுத்த இரண்டு வசனங்களையும் படியுங்கள். அவள் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று அங்கேதான் இருக்கிறது.