226 கிலோமீட்டருக்கு எந்த ஊர்?

சென்னையில் டிரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கிறவரிடம் முதல் முழு அயர்ன்மேன் எங்கே என்று கேட்டால், மலேசியாவின் லங்காவி என்ற பதில் சீக்கிரமே வந்துவிடும். காரணங்களும் கூடவே வரும். நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர், அங்கிருந்து ஒரு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டாம். வெயில் நமக்குப் பழகியதுதான். முதல் மூன்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதை நம்பித்தான் பலர் பணம் கட்டுகிறார்கள். அது நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

தூரம் தெரிந்ததுதான்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு ஒரு முழு மாரத்தான். 1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த கிறுக்குத்தனம் இன்று கண்டம் கண்டமாக நடக்கிறது. இந்தியாவில் அயர்ன்மேன் பெயரில் நடப்பது 2019இல் தொடங்கிய கோவாவின் 70.3, அது பாதி தூரம். முழுத் தூரத்துக்கு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். இங்கே எடைபோடுவது முதல் முறை போகிற, 14 முதல் 16 மணி நேரத்தில் முடிக்கக்கூடிய சென்னைவாசிக்காக. எட்டரை மணியில் முடிப்பவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது.

ஆகவே ஜெர்மனியின் ரோட் (Roth), ஃபிராங்க்ஃபர்ட் இரண்டையும் முதலிலேயே கழித்துவிடலாம். இரண்டும் அருமையான போட்டிகள். ஆனால் போட்டியை முடிக்க வேண்டிய கெடு, அதாவது கட் ஆஃப், 15 மணி நேரம். ரோட் போட்டியில் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். 17 மணி நேரம் எல்லா ஊருக்கும் பொது என்ற நம்பிக்கையில் பலர் பாதையின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதிவு செய்கிறார்கள். போட்டிக் கையேட்டில் முதலில் படிக்க வேண்டியது கட் ஆஃப் பக்கம். மிச்சமிருப்பவற்றில் லங்காவி, மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன், டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

வெயில் பழக்கம் பொய்யில்லை. இரண்டு வாரம் வெப்பத்தில் பயிற்சி செய்தாலே ரத்தத்தின் பிளாஸ்மா அளவு கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் வெளியேறும் உப்பு குறையும். ஆனால் நம்மவர்கள் பயிற்சி செய்வது எந்த நேரத்தில்? சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்) அக்கரையில் கூடுகிறார்கள். மாமல்லபுரம் தாண்டிப் போய்த் திரும்பி, எட்டரைக்கெல்லாம் ஏதோ ஒரு கடையில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று மணி வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓடியவர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? லங்காவியில் சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்குவது அந்த மூன்று, நாலு மணிக்குத்தான். தசை செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் அசைவாகிறது, மீதி வெப்பம். அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். ஈரப்பதம் நிறைந்த காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நாம் பழகியிருப்பது சென்னையின் விடியலுக்கு, மதியத்துக்கு இல்லை. ஏழு மணி சுமாருக்கு இருட்டிய பிறகு கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் வயிறு ஜெல்லை ஏற்க மறுத்திருந்தால் இருட்டு எதற்கும் உதவாது.

கடலும் அங்கே வெதுவெதுப்பு. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் சாதாரணப் போட்டியாளருக்கு வெட்சூட் போட்டு நீந்துவது பரிசுக் கணக்கில் சேராது. லங்காவியில் அதை நினைக்கவே வேண்டாம். முப்பது வயதுக்கு மேல் நீந்தக் கற்றுக்கொண்டவருக்கு, நம்மில் பெரும்பாலோர் அந்த ரகம், வெட்சூட் தரும் மிதப்பு பெரிய உதவி. கால் தாழ்ந்து இழுக்கிற குறையை அது பாதி மறைத்துவிடும். 2 மணி 20 நிமிட நீச்சல் கட் ஆஃபை நினைத்துத் தூக்கம் கெடுகிறவர் இந்த ஒரு காரணத்துக்காகவே குளிர்ந்த கடலைத் தேடலாம். போதாததற்கு லங்காவியின் சைக்கிள் பாதை ஏற்ற இறக்கமாகவே போகும். ஈ.சி.ஆரில் மேடு என்றால் பாலம்தான்.

பஸ்ஸல்டன் இதற்கு நேர்மாறு. பெர்த்துக்குத் தெற்கே ஏறக்குறைய 220 கிலோமீட்டரில் சிறிய கடற்கரை ஊர். 1,841 மீட்டர் நீள மரப் படகுத்துறையைச் சுற்றி வந்தால் நீச்சல் முடிந்தது. சைக்கிள் பாதை தட்டை, வெட்சூட் போடலாம், நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். காகிதத்தில் குறையே தெரியாது. 2017இல் சுறா தென்பட்டதால் நீச்சலையே ரத்து செய்தார்கள் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது எந்தக் கடலிலும் ஏதோ ஒரு வடிவில் நேரக்கூடியது, அதை வைத்து ஊரைத் தள்ள மாட்டேன். என் தயக்கம் வேறு. போட்டி டிசம்பர் தொடக்கத்தில். அப்படியென்றால் நீளமான சைக்கிள் பயணங்களும் மூன்று மணி நேர ஓட்டங்களும் விழுவது அக்டோபரிலும் நவம்பர் பாதி வரையிலும். வடகிழக்குப் பருவமழை சென்னையில் இறங்குவதும் அப்போதுதான். தண்ணீர் தேங்கிய சாலையில் எங்கே பள்ளம் என்று தெரியாமல் 160 கிலோமீட்டர் ஓட்ட முடியாது. வீட்டுக்குள் டிரெய்னரில் ஐந்து மணி நேரம் மிதிக்கலாம், மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மன உறுதி தனக்கு உண்டா என்பதை அவரவர் முந்தைய நவம்பரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஒரே நாளின் பாதையை ஒப்பிடுகிறோம். அந்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு வாரத்தை ஒப்பிடுவதில்லை. போட்டியை வெளிநாட்டில் வைத்துக்கொள்ளலாம், பயிற்சி என்னவோ சென்னையில்தானே நடக்கிறது?

அந்தக் கணக்கில் கோபன்ஹேகன் முன்னுக்கு வருகிறது. போட்டி ஆகஸ்டில். கடுமையான வாரங்கள் ஜூனிலும் ஜூலையிலும். கத்திரி முடிந்திருக்கும், பெருமழை தொடங்கியிருக்காது. விடியற்காலையில் ஈ.சி.ஆரில் தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அறையும். கோபன்ஹேகனிலிருந்து வடக்கே போகும் கடலோரச் சாலைக்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது. பாதையில் கேல்ஸ் பாக்கே என்று ஒரு மேடு உண்டு, இரண்டு முறை ஏற வேண்டும். ஏலகிரிக்கு நாலைந்து முறை போய்வந்தவருக்கு அது பொருட்டில்லை. முப்பது டிகிரியில் மூச்சு வாங்க ஓடிப் பழகிய உடம்புக்கு இருபது டிகிரி ஓட்டம் வரப்பிரசாதம். வெயில் பழக்கம் உண்மையில் லாபமாவது இங்கேதான். நீச்சல் அமாகர் ஸ்டிராண்டில், அலையில்லாத காயலில். அந்தப் பெயரில் மெட்ரோ நிலையமே இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து அதே ரயில். பைக் பாக்ஸை உருட்டிக்கொண்டு உள்ளூர் விமானம் ஏறவோ வாடகை வேன் தேடவோ தேவையில்லை.

குறைகள் இரண்டு. முதலாவது தண்ணீர். சென்னை நீச்சல் குளத்தில் வெட்சூட் போட்டால் பத்து நிமிடத்தில் உடம்பு கொதிக்கும்; ஒழுங்கான பயிற்சி அங்கே நடக்காது. முதல் தடவை குளிர்ந்த கடலில் முகத்தை வைத்ததும் நெஞ்சு இறுகி மூச்சு எகிறும். ஓரிரு நிமிடத்தில் தணியும் என்பதை உடம்பு ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும், போட்டியன்று காலையில் அறிந்துகொள்ளக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குச் செவ்வாய்க்கிழமையே போய்ச் சேர்ந்து, அதே காயலில் மூன்று நாள் காலை நீந்த வேண்டும். மூன்றரை மணி நேர வித்தியாசம் சரியாவதற்கும், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வருவதற்கும் அந்த நாட்களே போதும்.

இரண்டாவது ஷெங்கன் விசா. ஆறு மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் பாதி நகரம் ஐரோப்பாவுக்குக் கிளம்புவதால் அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காமல் வாரங்கள் ஓடும். கிடைத்தாலும் மறுக்கப்படலாம். போட்டிக் கட்டணம் சுலபத்தில் திரும்பாது. லங்காவிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, அதை மறைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

சைக்கிளைக் கொண்டுபோவது எந்த ஊருக்கும் ஒரே பாடுதான். பெடலைக் கழற்றும்போது இடது பக்கம் மறை எதிர்த்திசையில் திரும்பும் என்பதை மறந்து கையைக் காயப்படுத்திக்கொள்ளாதவர் குறைவு. சீட் உயரத்தை இன்சுலேஷன் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று உபரியாக இருக்கட்டும். பெட்டியைத் தூக்கிப் போட்டால் முதலில் வளைவது அதுதான். கார்பன் டை ஆக்சைடு கேட்ரிட்ஜை அங்கேயே வாங்கலாம். ஆஸ்திரேலியா போகிறவர் டயரையும் ஷூ அடியையும் பல் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். விலை உயர்ந்த சைக்கிள் என்றால் புறப்படும்போதே சென்னைச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்வது, திரும்பி வருகையில் வரி விவாதத்தைத் தவிர்க்கும். பயணச்சீட்டு போக வர ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். மலிவு விமானங்களைத் துண்டு துண்டாகக் கோர்த்தால், ஒவ்வொரு துண்டிலும் பெட்டிக்குத் தனிப் பணம், ஒன்று தாமதமானால் அடுத்தது கைவிரிக்கும். லங்காவிப் பயணத்தின் மலிவு பலருக்குக் கரைவது இப்படித்தான்.

என் தீர்ப்பு: முதல் முறைக்குக் கோபன்ஹேகன். அந்த ஆண்டின் கட் ஆஃபைக் கையேட்டில் பார்த்து, தன் மதிப்பீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணி நேரமாவது மிச்சமிருந்தால். அவ்வளவு மிச்சமில்லாதவருக்குப் பஸ்ஸல்டன், மழைக்காலத்தை டிரெய்னரில் கழிக்கச் சம்மதமென்றால். கட் ஆஃப் தாராளம் என்பதற்காக லங்காவியை எடுப்பவர், அந்தக் கூடுதல் நேரத்தை மதிய வெயிலிலேயே நடந்து செலவழித்துவிடுவார். அது இரண்டாவது அல்லது மூன்றாவது போட்டிக்கு ஏற்ற ஊர். கோயம்புத்தூர்க்காரருக்கு வேண்டுமானால் இதைக் கொஞ்சம் தளர்த்தலாம், அவருக்கு மலை வீட்டு வாசலில் இருக்கிறது.

பிப்ரவரியில் விண்ணப்பச் சாளரம் திறந்ததும் அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள். மே மாதம் முடியும்வரை விசா கைக்கு வரவில்லையென்றால் கோபன்ஹேகனை விட்டுவிட்டு, போட்டிப் பதிவை மாற்ற விதி இடம் தருகிறதா என்று பாருங்கள். ஜூனில் தொடங்க வேண்டிய நீண்ட பயிற்சியைத் தள்ளிவைத்து டிசம்பரைக் குறிவைக்க அப்போதும் நாள் இருக்கும்.